துர்காஸ்ரீயின் தொண்டை

அந்த ஆள் செய்தது திருட்டு. வேறு எந்தப் பெயரும் அதற்குப் பொருந்தாது. ஒன்பது வயசுப் பிள்ளையின் தொண்டையிலிருந்து குரலை உருவி வீசிவிட்டு, அந்த இடத்தில் எவளுடையதோ ஒரு குரலைச் செருகி, ஒரு வருஷமாக ஊருக்கெல்லாம் காட்டிக் கைதட்டு வாங்கிக்கொண்டு, இப்போது முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார் சீரியல் டைரக்டர், பெரிய மனுஷர். பவுன்தாய்க்கு அவருடைய பின்மண்டை மட்டும்தான் தெரிந்தது, நடுவில் கொஞ்சம் வழுக்கையும் சுற்றிலும் மை பூசின முடியுமாக. அந்த வழுக்கையையே வெறித்துக்கொண்டிருந்தாள். பார்வைக்குச் சூடு இருந்தால் இந்நேரம் அங்கே கடுகு வெடித்திருக்கும். வாசலில் வைத்து என்ன சொன்னார்? "பாப்பாவுக்கு விருது கிடைச்சிடும்னு நினைக்கிறேம்மா. கிடைச்சா மேடையில பேச வேண்டாம். கை கூப்பிச் சிரிச்சா போதும், மிச்சத்தை ஆங்கர் பாத்துப்பாங்க. ஜனங்க மனசுல ஒரு குரல் பதிஞ்சிருக்கு, அதை ஏன் கெடுக்கணும்?" கெடுப்பதாம். பெற்ற பிள்ளை வாயைத் திறந்தால் கெட்டுப்போகுமாம். அவள் பதிலுக்கு வாயெடுப்பதற்குள் யாரோ ஒரு நடிகர் வந்தார், இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், அப்படியே உள்ளே போய்விட்டார்கள். அதுதான் ஆறவில்லை. பழைய கதவு ஜன்னல் வியாபாரம் பண்ணுகிறவள் அவள். இடிக்கிற வீட்டு மேஸ்திரியையும் கட்டுகிற வீட்டு எஞ்சினியரையும் ஒரே வெயிலில் நிற்க வைத்துப் பேரம் பேசுகிறவள். அவளிடம் ஒருத்தர் முதல் விலையைச் சொல்லிவிட்டு, பதில் கேட்காமல் நடந்து போயிருக்கிறார். முதல் விலைக்கு அவள் எதற்கும் தலையாட்டினதில்லை. இதோ பக்கத்தில் இஸ்திரி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருக்கிற சேதுராமுவைக்கூட இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் கட்டிக்கொண்டாள்.

"பவுனு, பல்லைக் கடிக்காத, சத்தம் கேக்குது" என்றார் சேதுராமு. அவருக்கு எல்லாம் சந்தோஷம்தான். ஏசி காற்று சந்தோஷம், மெத்தை நாற்காலி சந்தோஷம், வாசலில் கொடுத்த பழச்சாறு சந்தோஷம், மேடையில் பத்தாள் உயரத்துக்கு எரிகிற ‘இளந்தளிர் விருதுகள்’ என்ற எழுத்து சந்தோஷம். சினிமாவிலும் சின்னத்திரையிலும் நடிக்கிற பிள்ளைகளுக்கென்றே வருஷா வருஷம் ஒரு டிவிக்காரர்கள் கொடுக்கிற விருது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே தார் உருகுகிற வெயில், இங்கே பட்டுச் சேலைக்குள்ளும் முழங்கை சில்லிட்டது. பிள்ளைகளையெல்லாம் மேடைக்குப் பக்கவாட்டில் தனியாக உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அந்த ஜிகினாக் கூட்டத்தில் துர்காஸ்ரீயின் ரெட்டைச் சடை எது என்று தேடித் தேடிப் பவுன்தாய்க்குக் கண் வலித்தது. கொஞ்ச நேரம் முன்னால் காதில் ஹெட்செட் மாட்டின ஒரு பெண் ஓடி வந்து, "ஆன்ட்டி, கேமராவைப் பாக்காதீங்க, மேடையைப் பாத்து அப்படியே கண்ணைத் துடைங்க, உங்க பொண்ணு ஜெயிச்ச மாதிரி" என்றாள். மேடையில் ஒரு ஏணிதான் இருந்தது. ஏணியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தாள் பவுன்தாய், துடைக்கத் துடைக்க நிஜமாகவே வந்துவிட்டது. அப்போ நம் பிள்ளைதான், முடிவே பண்ணிவிட்டார்கள், இல்லாவிட்டால் எதற்கு இத்தனை பேர் இருக்கிற இடத்தில் தேடி வந்து நம்மை அழச் சொல்கிறாள்? நெஞ்சு நிமிர்ந்து ஒரு மூச்சு விடுவதற்குள் அடுத்த வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்தாள், அவளுக்கும் அந்தப் பக்கம் ஒரு அப்பா மூக்கை உறிஞ்சினார், ஹெட்செட் பெண் "சூப்பர், சூப்பர்" என்று அவர்களிடமும் சொல்லிக்கொண்டு போனாள். இந்தப் பக்கத்து நாற்காலியில் இருந்த ஒல்லிப் பெண்மணி வாயைப் பொத்திச் சிரித்தாள். "நாமினேஷன்ல இருக்கற எல்லா அம்மாவையும் முன்னாடியே அழ வச்சு எடுத்துப்பாங்க. அப்புறம் ஜெயிச்சவங்க அழுகையை மட்டும் டிவியில போடுவாங்க." அடப் பாவிகளா. அழுகையைக்கூட மொத்தமாகக் கொள்முதல் பண்ணி வேண்டாததைக் கழிக்கிறார்கள். தொழில் தெரிந்தவர்கள்தான். கோபம் வரவேண்டிய இடத்தில் பவுன்தாய்க்குச் சிரிப்பு வந்தது. "நல்லா ஏமாந்தேம்மா" என்றாள். அவள் குரலுக்கு முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒல்லிப் பெண்மணி ஃப்ளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றி, சொட்டுச் சொட்டாக, மருந்து மாதிரி குடித்தாள்.

திரும்பிப் பார்ப்பது புதிதில்லை. போனில் பேசினால் பாதிப்பேர் "சொல்லுங்க சார்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். மழைக்கு முந்தின இடி மாதிரி அடியிலிருந்து வருகிற கரகரப்பு, பவுன்தாய்க்கு அது பிறவியிலேயே வந்தது. மண்டி வியாபாரத்தில் அது அவளுக்குச் சோறு போட்டது. பொம்பளைதானே என்று இளக்காரமாக வந்தவன் ஒரு வார்த்தையில் நிமிர்ந்து நிற்பான். ஆனால் பிள்ளைக்கும் அதுவே வரும் என்று யார் கண்டார்கள்? பிறந்தபோதே அழுகை கரகரத்தது. தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் கோளாறு இல்லம்மா, அம்மா வாகு" என்றார். அம்மா வாகு. பெருமையா குத்தமா என்று தெரியாமல் பில்லைக் கட்டிவிட்டு வந்தாள். பள்ளிக்கூடத்தில் காலை வழிபாட்டுக்கு நிறுத்தி, "நீ பாட வேண்டாம், வாயை மட்டும் அசை" என்று டீச்சர் சொல்லி, வரிசையே சிரித்த அன்றைக்குப் பவுன்தாய் கடையைப் போட்டது போட்டபடி போய், வராந்தாவில் நின்று கேட்ட கேள்வி ஐந்தாம் வகுப்பு வரைக்கும் எதிரொலித்ததாகச் சொல்வார்கள். மறுநாளிலிருந்து பிள்ளை பாடினாள். அன்றைக்குத் தீர்ந்தது என்று நினைத்தாளே, தீரவில்லையே, அதே வார்த்தை சென்ட் பூசிக்கொண்டு வந்து வாசலில் நின்றதே. மர வியாபாரத்தில் தட்டிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். உளுத்த பலகை பளபளவென்று பாலிஷ் போட்டு நிற்கும், விரல் முட்டியால் தட்டினால் பொத்தென்று சொல்லிவிடும். நல்ல தேக்கு வெளியே கீறலும் ஆணி ஓட்டையுமாகக் கிடக்கும், தட்டினால் உள்ளேயிருந்து பேசும். இந்த ஆள் பிள்ளையைத் தட்டியே பார்க்கவில்லை.

அவர் முதன்முதல் வந்ததும் கதவு பார்க்கத்தான். சீரியலுக்குப் பழைய காலத்து வீடு ஒன்று செட் போட வேண்டும், நிலையும் கதவும் வாடகைக்கு வேண்டும் என்று ஆட்களோடு கடைக்கு வந்தார். அந்தச் சமயம் பவுன்தாய் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கல்லாவில் இருந்த துர்காஸ்ரீ, "சார், அந்தக் கதவைத் தரையில இழுக்காதீங்க, தூக்குங்க, அதுக்கு வலிக்கும்" என்றிருக்கிறாள். அவர் அப்படியே நின்றுவிட்டாராம். கண்ணு, கண்ணு, இந்தக் கண்ணு வேணும்மா என்று குதித்தார். கண்தான் வேண்டுமாம். தூக்கச் சொன்ன வார்த்தை எந்தத் தொண்டையிலிருந்து வந்தது என்று யோசிக்கவில்லை. சரி, நடித்தாள். லீவு நாளெல்லாம் லைட்டுக்கு முன்னால் வெந்தாள், ஒரு நாள் சிணுங்கியதில்லை. முதல் எபிசோடு வந்த அன்று தெருவே வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. டிவியில் துர்காஸ்ரீ வாயைத் திறந்தாள், உள்ளேயிருந்து வேறு யாரோ பேசினாள். பாகு காய்ச்சி ஊற்றின மாதிரி ஒரு குரல். தெருவே "அட, அட" என்றது. பவுன்தாய் டிவியைப் பார்க்கவில்லை, பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை கையிலிருந்த முறுக்கைக் கடிக்காமல், டிவியில் தன் வாய் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணாடியில் தன் முகம் தெரியாமல் போனவள் மாதிரி. அது போகட்டும். அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம், அடுப்படியில் முதுகு காட்டி நின்றபோது பின்னால் யாரோ, "அம்மா, தண்ணி தாங்கம்மா" என்றார்கள். கொஞ்சும் குரல், பாகுக் குரல். யார் வீட்டுப் பிள்ளை வந்திருக்கிறது என்று திரும்பினால் துர்காஸ்ரீ நிற்கிறாள். தொண்டை நரம்பைப் புடைக்கவிட்டு, முக்கி முக்கி அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு, எப்படி இருக்கும்மா என்கிற மாதிரி பார்க்கிறாள். பவுன்தாய் அடுப்பை அணைத்தாள். எத்தனையோ வீடு இடிவதைப் பார்த்தவள், சொந்த வீட்டுக்குள் ஒரு சுவர் சத்தமில்லாமல் சரிவதை அன்றைக்குத்தான் பார்த்தாள். அன்றிலிருந்து பயம் அதுதான். விருது வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, ஒரு காசு பெறாது. இன்றைக்கு அந்த மேடையில் பிள்ளை வாயை மூடிக்கொண்டு இறங்கினால், இல்லை அதைவிட மோசமாக அந்த இரவல் குரலில் முக்கிப் பேசினால், அவ்வளவுதான், சொந்தக் குரலை அவளே மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுவாள். காலையில் சடை பின்னும்போது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என்ன பதில் வருமோ என்று பயம். ஊரையே வாய்க்கு வாய் மடக்குகிறவளுக்குப் பிள்ளையின் பின்னங்கழுத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்க வாய் வரவில்லை.

சினிமாவில் நடித்த பிள்ளைகளுக்கு முதலில் கொடுத்தார்கள். ஒரு குட்டிப் பையன் கோப்பையை வாங்கின கையோடு "இதுல ஐஸ்கிரீம் போட்டுத் தருவீங்களா?" என்றான், கூடமே சிரித்தது, சேதுராமு தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சின்னத்திரை. விளக்கு மங்கியது, திரையில் துர்காஸ்ரீ. வாசலில், பவுன்தாயின் கடைக் கதவுதான், பித்தளைக் குமிழ் வைத்த கதவு, அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கதையில் அப்பன்காரன் வீட்டைவிட்டுப் போகிறான். "அப்பா, கதவைச் சாத்திட்டுப் போங்க. தொறந்து கிடந்தா நீங்க வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருப்பேன்." பாகுக் குரல். எங்கேயோ ஒரு விசும்பல். பவுன்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பின இடத்தில் ஒல்லிப் பெண்மணியின் உதடு அசைந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல், ஒரு எழுத்து பிசகாமல், ‘சாத்திட்டு’க்குப் பிறகு பிள்ளை மூச்சு இழுக்கிற இடத்தில் அவளும் இழுத்து. வெந்நீர். ஃப்ளாஸ்க். பவுன்தாய் அவள் பக்கம் முழுசாகத் திரும்பினாள். "நீயா?" என்றாள். மரியாதை எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தப் பெண்மணி வெலவெலத்து, "நான்தாங்க. சுகந்தின்னு பேரு. டப்பிங் பேசறேன். உங்களை முதல்லயே தெரிஞ்சுபோச்சுங்க, நீங்க ‘ஏமாந்தேம்மா’ன்னு சொன்னீங்களே, அப்பவே. எனக்குத்தான் சொல்ல தைரியம் வரல" என்றாள். "என் குரல் உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் பவுன்தாய். "பாப்பா குரலை நான் தினம் கேக்கறேங்க. ஷூட்டிங்ல அவ பேசறது ஒரு ட்ராக்ல பதிவாகி இருக்கும். அதை ஹெட்ஃபோன்ல கேட்டுக்கிட்டேதான் நாங்க பேசணும். எங்க நிறுத்தறா, எங்க எச்சில் முழுங்கறா, எல்லாம் அவ போட்ட கோடு, நான் அதுமேல நடந்து போறேன். என் குரல் இனிப்பு, அவ்வளவுதான். இந்தக் கதவு சீன் இருக்கே, அவ பேசினதைக் கேட்டுட்டு அன்னிக்கு என்னால வாயே தொறக்க முடியல. வெளியில போய் நின்னுட்டு வந்தேன்." பவுன்தாய் அவளையே பார்த்தாள். ஒரு வருஷமாக எவளைக் கரித்துக்கொட்டினாளோ, அவள் ஒருத்திதான் இந்த உலகத்தில் தன் பிள்ளை நடித்ததை முழுசாகக் கேட்டிருக்கிறாள். பெற்றவள்கூடக் கேட்கவில்லை. "இதை அந்தாளுட்ட சொன்னியா?" "சொன்னேங்க. ‘உன் பொழப்புல நீயே மண்ணைப் போட்டுக்கிறியா’ன்னு சிரிச்சாரு." "மெய்தானே? பிள்ளையே பேசிட்டா உன் பாடு?" "எனக்கென்ன, வேற ரெண்டு சீரியல்ல ஒரு மாமியாரும் ஒரு பேயும் கையில இருக்கு" என்றாள் சுகந்தி. பவுன்தாய்க்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அந்தச் சிரிப்போடு சேர்ந்து மேடையிலிருந்து பெயர் வந்தது. துர்காஸ்ரீ.

சேதுராமு எழுந்து நின்றே தட்டினார். பிள்ளை படியேறினாள், புது ஷூ, கவனமாக ஒவ்வொரு படியாக, லாரியில் பலகை ஏறுகிற மாதிரி. கோப்பையை வாங்கினாள். முதல் வரிசையில் அந்த ஆள் பாதி எழுந்து, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து, உதட்டை அகலமாக விரித்துக் காட்டினார். பிள்ளை பார்த்தாள். கை கூப்பினாள். சிரித்தாள். சொன்னது சொன்னபடி. ஆங்கர் பெண் மைக்கைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு, "துர்காஸ்ரீ எல்லாருக்கும் நன்றி சொல்றாங்க" என்று ஆரம்பித்துவிட்டாள். போச்சு, திரும்புகிறாள், இறங்கப்போகிறாள், இன்னும் நாலு எட்டு வைத்தால் முடிந்தது, அப்புறம் ஆயுசுக்கும் வாயை மட்டும் அசைப்பாள், வீட்டிலும் பாகு, பள்ளிக்கூடத்திலும் பாகு, கட்டிப்போகிற வீட்டிலும் பாகு. பவுன்தாய் எழுந்தது அவளுக்கே தெரியாது. "துர்கா! பேசு தாயி!" மைக் எதற்கு அந்தத் தொண்டைக்கு? கூடத்தின் கடைசி வரிசைவரை போய் அடித்துத் திரும்பியது. எல்லாத் தலையும் திரும்பியது, யாரோ சிரித்தார்கள், யாரோ "யார்யா அந்த ஆளு?" என்றார்கள். சேதுராமு சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். மேடையில் பிள்ளை நின்றுவிட்டாள். இந்த இருட்டில் முகம் தெரிந்திருக்காது, ஆனால் குரல் தெரியும். ஆங்கரின் முழங்கையைத் தொட்டு, மைக்கைக் கேட்டாள். "எல்லாருக்கும் வணக்கம்." கரகரவென்று, அடியிலிருந்து, மேடை முழுக்கப் பரவியது. கூடத்தில் ஒரு சலசலப்பு. ஓரத்தில் சவுண்டுக்காரர் பெட்டியில் எதையோ திருகினார். "அச்சச்சோ, தொண்டை கட்டியிருக்கா செல்லம்?" என்றாள் ஆங்கர். பவுன்தாயின் கை பக்கத்தில் எதையோ பற்றியது, சுகந்தியின் மணிக்கட்டு. "கட்டலக்கா. எனக்கு எப்பவுமே இப்படித்தான். எங்கம்மாவுக்கும் இப்படித்தான். இப்பக் கத்துச்சுல்ல, அதான் எங்கம்மா." கூடம் குலுங்கியது. இது அந்தச் சிரிப்பு இல்லை, பள்ளிக்கூடத்துச் சிரிப்பு இல்லை, காது பழகினவளுக்கு வித்தியாசம் தெரியும், தட்டினால் பேசுகிற சிரிப்பு. "அப்போ அந்தக் கதவு டயலாக்கை இதே குரல்ல ஒரு தடவை?" என்றாள் ஆங்கர். பிள்ளை கோப்பையைத் தரையில் வைத்தாள். இல்லாத கதவைப் பிடித்துக்கொண்டாள். பேசினாள். ‘சாத்திட்டு’ என்றதும் குரல் ஒரு கீறல் கீறி நின்றது, எச்சில் முழுங்கினாள், மிச்சத்தை மெதுவாகச் சொன்னாள். சிணுங்கல் இல்லை. அழ மாட்டேன் என்று தீர்மானம் பண்ணிவிட்ட பிள்ளையின் குரல். சுகந்தியின் உதடு இந்த முறை அசையவில்லை. "இதேதான். இதேதாங்க" என்றாள், கண்ணை மூடிக்கொண்டு. ஹெட்செட் பெண் கையை ஆட்டித் தட்டச் சொல்வதற்கு முன்னாலேயே கூடம் தட்ட ஆரம்பித்திருந்தது.

பவுன்தாய் உட்கார்ந்தாள். உடம்பு லேசாக இருந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டு வெற்றிலை போட்ட மாதிரி, மழை விட்ட பிறகு கடைமுன் மரமெல்லாம் வாசம் விடுமே அந்த மாதிரி. சேதுராமு அழுதுகொண்டிருந்தார், கேமரா பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. முன் நாற்காலியில் இருந்தவர் "உங்க பிள்ளையாம்மா?" என்று கேட்டார். "ஆமாண்ணே" என்றாள், அதற்கும் அவர் சிரித்தார், சிரித்துவிட்டுப் போகட்டும். அப்படியே இருந்திருக்கலாம். இடைவேளை விட்டு விளக்கைப் போட்டதும் பிள்ளையை அழைக்க, சுகந்தியையும் கூட்டிக்கொண்டு முன்னால் போனாள். அங்கே அந்த ஆளைச் சுற்றி நாலைந்து பேர். "என்ன சார், இப்படி ஒரு குரலை ஒளிச்சு வச்சிருந்தீங்க?" "ஒரு சஸ்பென்ஸா இருக்கட்டும்னுதான் வச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார், மனுஷர் கூசாமல். பவுன்தாய்க்கு ஆச்சரியமாகக் கோபம் வரவில்லை. வியாபாரம் வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு எதிரில் போய் நின்றாள். அவர் முகம் ஒரு கணம் வெளுத்து, உடனே சிரிப்புப் பூசிக்கொண்டது. "அம்மா, கலக்கிட்டா பாப்பா. குரல் விஷயம் இனிமே பார்க்கலாம்மா, பார்க்கலாம்."

"பார்க்கலாம்னா பார்க்க மாட்டேன்னு அர்த்தம் சார், எங்க கடையிலயும் அதான்" என்றாள் பவுன்தாய். "வாசல்ல உங்க விலையைச் சொல்லிட்டுப் போயிட்டீக, என் விலையைக் கேக்கல. இப்பக் கேட்டுக்கங்க. இந்தா நிக்கிறாகளே சுகந்தி, இவுக பேரை, இதுவரைக்கும் இவுகதான் பேசினாகன்னு, டிவியில எழுத்துல போடுங்க. அடுத்து என் பிள்ளை வாயி அசைஞ்சா என் பிள்ளைதான் பேசணும், தெரியாததை இவுக சொல்லிக் குடுப்பாக. நீங்க எடுத்ததை நீங்கதான் திருப்பி வைக்கணும். நாளைக்குக் காலையில டப்பிங் தியேட்டருக்குக் கூட்டிட்டு வாறேன். ஒரு ஸ்டூலு போட்டு வைங்க சார், பிள்ளைக்கு மைக்கு எட்டாது."